குதிரைக்கு ஓரம் போடுகிறவர்

எங்கள் அறையில் யாராவது "இன்னைக்கு எத்தனை குதிரை முடிஞ்சுது?" என்று கேட்டால் வெளியாட்கள் திகைத்துப்போவார்கள். அங்கே லாயமும் இல்லை, புல்லுக்கட்டும் இல்லை. மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர், வெயில் விழுந்தால் ஸ்கிரீன் தெரியாது என்பதால் எப்போதும் இழுத்து மூடிய ஜன்னல் துணி, கதவுக்குப் பின்னால் யாருடையதென்று தெரியாத ஒரு குடை. அவ்வளவுதான்.

குதிரை மூளைக்குள் இருக்கிறது. காதுக்கு உட்பக்கமாக, வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. பாதி மடக்கிய சுண்டுவிரல் அளவு இருக்கும். பார்க்கக் கடற்குதிரை மாதிரி தலை பெருத்து வால் சிறுத்திருப்பதால் மருத்துவர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நாங்கள் பேச்சு வேகத்தில் கடலைக் கழற்றிவிட்டோம். இன்று காலையில் என்ன சாப்பிட்டோம், சாவியை எங்கே வைத்தோம் என்பதையெல்லாம் நினைவில் ஏற்றுவது இதன் பொறுப்பு. மறதி நோய் வந்தால் முதலில் இளைப்பதும் இதுதான்.

ஓரம் அக்கா இந்தக் குதிரைகளுக்கு ஓரம் போடுகிறவர். அதனால்தான் அந்தப் பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

ஸ்கேன் எந்திரம் ஒருவருடைய மூளையை, ரொட்டியைச் சீவுவதுபோல மெல்லிய சீவல்களாகப் படம் எடுத்து அனுப்பும். வந்த ஃபைலிலிருந்து முதலில் பெயரை நீக்கவேண்டும். பிறகு முகத்தை. படங்களை அடுக்கினால் மூக்கும் உதடும் கூடத் தெரிந்துவிடும் என்பதால் முகப் பகுதியை அழித்துவிடுவோம். இடம் வலம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கம் வெளிச்சமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் இருந்தால் சமன் செய்யவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் அந்த ஃபைல் ஒரு எண்ணை மட்டும் சுமந்துகொண்டு ஓரம் அக்காவின் மேசைக்குப் போகும். அவர் வரைபலகையில் பேனாவை வைத்து, சீவல் சீவலாக, எது குதிரை, எது பக்கத்திலிருக்கும் நீர், எது வெள்ளை நரம்பிழை என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பார். அந்தக் கோடுகளை அடுக்கினால் ஒரு முழுக் குதிரை கிடைக்கும். அதன்மேல் புள்ளிகள் வைத்து, எல்லாக் குதிரைகளையும் ஒரே நிலையில் நிறுத்தி, ஒரு கூட்டத்தின் வடிவம் இன்னொரு கூட்டத்தின் வடிவத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கணக்கிடுவது என் வேலை.

கம்ப்யூட்டரே ஓரம் போடாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போடும். அக்கா அதைத் திருத்துவார். "அதுக்கு அவசரம் ஜாஸ்தி. வால் வரைக்கும் போகாது. பஸ்ஸ நடுவழியிலேயே நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டுரும்" என்பார்.

இங்கே வருவதற்கு முன் அவர் நில அளவைப் படங்களைப் பிரதியெடுக்கும் அலுவலகத்தில் இருந்தார். வாய்க்கால் எங்கே முடிகிறது, வேலி எங்கே தொடங்குகிறது என்று கோடு இழுத்துப் பழகிய கை. அங்கே கோட்டை ஒரு நூல் நகர்த்தினால் பங்காளிகள் வெட்டுக்குத்துக்குப் போவார்கள், இங்கே அந்தத் தொல்லை இல்லை என்று வந்த புதிதில் சொன்னாராம். எங்கள் டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இங்க நகர்த்தினா எனக்கும் உங்களுக்கும்தான் வெட்டுக்குத்து" என்றாராம். டாக்டர் பெண், அக்காவின் வயதுதான் இருக்கும். ஓரம் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அக்கா அவரை மேடம் என்பார்.

டாக்டர் எடுத்துக்கொண்ட ஆய்வு இதுதான். ஐம்பதைத் தாண்டுவதற்கு முன்பே மறதி நோய் கண்டவர்கள் ஒரு கூட்டம். அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், இன்னும் எந்தக் குறையும் தெரியாதவர்கள், ஒரு கூட்டம். இந்த நோயோடு குடும்பத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் ஒரு கூட்டம். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே உடன்பிறந்தவர்களின் குதிரையில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அக்காவின் அண்ணன் முதல் கூட்டத்தில் இருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மேலே போவதும் கீழே வருவதும் அவர் புண்ணியத்தில்தான் என்று அண்ணி பெருமையடிப்பார். ஒருநாள் திறந்து போட்ட மின்பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றுகொண்டிருந்திருக்கிறார். காவலாளி கேட்டதற்கு, "இதை யாரு இப்படிக் குழப்பி வச்சது?" என்று கோபித்துக்கொண்டாராம். குழப்பி வைத்திருந்தவர் யாருமில்லை. முந்தின வாரம் அவரே மாட்டிய ஒயர்கள்.

அவர் ஸ்கேனுக்கு வந்த அன்று நான் பார்த்தேன். எந்திரத்திலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னார்: "குட்டி, பேரிங் போச்சு. உள்ள தடதடன்னு அடிக்குது. கிரீஸ் வைக்கச் சொல்லு."

"அது அப்படித்தான்ணே சத்தம் போடும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அறுந்து விழுந்தப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க."

அக்காவும் உடன்பிறந்தவர்தானே, அவரையும் சேர்க்கலாமே என்று நான் கேட்டிருக்கிறேன். டாக்டர் மறுத்துவிட்டாராம். "உங்க படத்தை யாரு வரையறது? நீங்களேவா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அண்ணனுடைய குதிரைக்கும் அக்கா ஓரம் போட்டிருப்பார். எந்த எண் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

ஃபைல்கள் எல்லாம் ஒன்றாக வரவில்லை. தொடர்பில்லாதவர்களின் படங்கள் முதலில் கிடைத்தன. பிறகு நோயாளிகள். உடன்பிறந்தவர்கள் கடைசி, அவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் டாக்டருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தனக்கு வருமா வராதா என்று யார்தான் எட்டிப்பார்க்க விரும்புவார்கள்? எல்லாம் சேர்ந்தபின் கலைத்துப்போட்டு வரையலாம் என்பது திட்டம். ஆனால் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வந்ததை முடித்து நகர்த்தினால்தான் அடுத்ததை இறக்க முடியும். எண்தான் இருக்கிறது, யார் என்று தெரியாது, அப்புறம் வரிசையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். அக்கா வந்த வரிசையிலேயே வரைந்தார்.

நடுவில் ஏசி பழுது பார்க்க அறையைப் பூட்டினார்கள். அந்த விடுமுறையில் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டார். அவர் கணவருக்கு மருந்துக் கடையில் வேலை. பொடி எழுத்தைப் படிப்பதே பிழைப்பு. வீட்டில் அக்கா மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இதுக்கு மேல கை நீளாது. இனிமே பக்கத்து வீட்டுக்காரரைத்தான் பிடிச்சுக்கச் சொல்லணும்" என்று சொல்லி, அவரே கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக்கொடுத்தார். அறை திறந்த அன்று அக்கா புதுக் கண்ணாடியோடு வந்தார். டீச்சர் மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் சொன்னேன். அவர் அதைக் கழற்றி, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வடிவ வேறுபாட்டை நிறமாகக் காட்டும் படம் என் ஸ்கிரீனில் மெதுவாக நிரம்பியது. இளைத்த இடம் நீலம். நோயாளிகளின் குதிரையில் உடம்பிலும் வாலிலும் நீலம் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அடுத்த படத்தில் வால் மட்டும் நீலமாக இருந்தது. டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "வாலைப் பாரு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

அக்கா எழுந்து வந்தார். "இது நோயாளிங்களா?"

"இல்லக்கா. கூடப்பொறந்தவங்க."

அக்கா கொஞ்ச நேரம் அந்த வாலையே பார்த்தார். டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் தோளில் கைவைத்து, "இது கூட்டத்தோட சராசரி. தனித்தனியா யாரையும் சொல்லாது" என்றார்.

"தெரியும் மேடம்" என்றார் அக்கா. போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அதன்பின் அவர் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினார். சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்து வந்தால் முகம் இருண்டுவிடும். மாடிப்படியில் பாதியில் நின்று, எதற்கு ஏறுகிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் போனதை என்னிடம் சொன்னார். எனக்கும்தான் அப்படி ஆகிறது என்றேன். "உனக்கு அண்ணன் நல்லா இருக்கான்" என்றார். கணவரிடம் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸிலிருந்து போன் செய்து கேட்பார். அவர் சொன்ன பதிலை அக்காவே ஒருநாள் எனக்குச் சொல்லிக் காட்டினார்: "கல்யாண நாளை நான் வருஷா வருஷம் மறக்கிறேன். என்னைப் பத்தி எந்த டாக்டராச்சும் ஆராய்ச்சி பண்ணினாங்களா?" சொல்லும்போது சிரித்தார். ஆனால் அந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். எங்கள் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு.

டாக்டர் ஒரு மாநாட்டில் பேசுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு வழக்கமான சோதனை பாக்கி. ஓரம் போடுகிறவர் பழைய ஃபைல் சிலவற்றைப் புது எண்ணில், அடையாளம் தெரியாமல், மறுபடி வரையவேண்டும். அன்று போட்ட கோடும் இன்று போட்ட கோடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு பொருத்த எண் கணக்கிட்டு எழுதவேண்டும். கை நிதானமான கைதான் என்பதற்குச் சான்று. நான் தொடர்பில்லாதவர்களின் ஃபைல்களிலிருந்து சிலவற்றை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வரைந்தார். பொருத்த எண் நன்றாகவே வந்தது. துறையில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மேலே. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

எண்ணோடு விட்டிருக்கலாம். படத்தையும் பார்த்துவிடலாமே என்று பழைய கோட்டைச் சிவப்பிலும் புதிய கோட்டைப் பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். பச்சை எல்லா இடத்திலும் சிவப்புக்கு உள்ளே இருந்தது. பெரியவர் செருப்புக்குள் சின்னப் பிள்ளை காலை விட்டதுபோல. ஒரு ஃபைலில் அப்படி இருந்தால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் அப்படியே.

என் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சிவப்பு யாரு போட்ட கோடு?"

"நீங்கதான்."

"நானா? இவ்வளவு தாராளமாவா? நீருக்குள்ளயே போயிருக்கே. மேடம் பாத்திருந்தா காதைத் திருகியிருப்பாங்க."

"மேடம் பாத்தாங்கக்கா. அப்ப நல்லாத்தான் இருக்குன்னாங்க."

"வேற யாரோட கோட்டையாவது மாத்திப் போட்டிருப்ப. நல்லாப் பாரு."

நன்றாகப் பார்த்தேன். மாறவில்லை. அக்கா முகம் சுளித்து, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஸ்கிரீனை ஏறிட்டுப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சிவப்பு சரியாத்தான் இருக்கு, கண்ணாடி இல்லாம பாத்தா."

குதிரைக்கும் சுற்றியிருக்கும் நீருக்கும் நடுவில் ஒரு மெல்லிய சாம்பல் விளிம்பு இருக்கும். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அது குதிரையோடு கலந்துவிடுகிறது. கண்ணாடி போட்டால் தனியாகத் தெரிகிறது. முன்பு அக்கா அதை உள்ளே சேர்த்தார். பிறகு வெளியே விட்டார். இரண்டு முறையும் கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாகத்தான் வரைந்திருக்கிறார். சுற்றிலும் ஒரு நூல் உள்ளே போனால் கொழுத்த தலைக்கும் உடம்புக்கும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பொருத்த எண்ணும் கெடவில்லை. வால் மெல்லியது. அங்கே அந்த ஒரு நூல் பெரிய குறை.

கண்ணாடி வருவதற்கு முன்னால் வரைந்தவை தொடர்பில்லாதவர்களுடையவையும் நோயாளிகளுடையவையும். வந்தபிறகு வரைந்தவை உடன்பிறந்தவர்களுடையவை. அதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஏசி பழுதான வாரத்தை அவரே நினைவுபடுத்திக்கொண்டார்.

நான் எழுந்தேன். "மேடத்துக்கிட்ட சொல்லிரலாம்."

"உக்காரு." அவர் குரல் உயரவில்லை. "நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு நானே சொல்றேன்."

டாக்டருக்காகத் தயங்குகிறார் என்று நினைத்தேன். மாநாடு நெருங்கிவிட்டது. அந்த நீல வாலை நம்பித்தான் எல்லாம் இருந்தது. ஆனால் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னது வேறு.

"எனக்கு இது பொய்யா இருக்கணும்னு இருக்கு. அந்தப் படம் வந்த நாள்லேர்ந்து அதைத்தான் வேண்டிட்டிருக்கேன். இப்ப பொய்ன்னு ஒரு காரணம் கையில கிடைக்குது. அதுவும் நானே கண்டுபிடிச்ச காரணம். நீயா இருந்தா நம்புவியா?"

"கோடு பொய் சொல்லாதுக்கா. பச்சை உள்ளதான இருக்கு."

"பச்சை போட்டதும் நான்தான். மனசுல ஒண்ணை வச்சிக்கிட்டு இருக்கிறவ கையை எப்படி நம்பறது?"

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. இன்றைக்கு அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நடந்தார். எனக்கும் அதே வழிதான் என்பதால் கூடப் போனேன்.

அண்ணன் கூடத்தில் ஒரு மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க. நாத்தனார் வழி மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். இந்த வீட்ல மறக்கிறதுக்கு ஒருத்தர் போதாதா?"

அக்காவுக்கு முகம் மாறியது. அண்ணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் நேரமில்லை. அதற்குள் அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்: "அவளை ஏன் வையற? எனக்குப் பயந்துதான் வரலை. என்னைப் பாத்தா அவளுக்கு அவளோட வயசான மூஞ்சி தெரியுது."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே" என்றார் அக்கா.

"இருந்தா இருக்கட்டுமே. இந்த ஸ்க்ரூ எங்க போகும்?"

அக்கா தரையில் உட்கார்ந்தார். ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்தார். தெரியவில்லை. இருவரும் மாறி மாறி ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. ரெகுலேட்டரை மாட்டியதும் விசிறி சுற்றியது. "மிஞ்சினது கம்பெனிக்காரன் தப்பு" என்றார் அண்ணன். அண்ணி அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே அதுபோல ஏற்கெனவே சில இருந்தன.

மறுநாள் டாக்டர் வந்து பையை வைப்பதற்குள் அக்கா போய் நின்றார். நானும் போனேன். எல்லாவற்றையும் சொன்னார்: சிவப்பு, பச்சை, கண்ணாடி, ஏசி. கடைசியில், "பொருத்த எண் நல்லாத்தான் இருக்கு மேடம். யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா வால் என் கண்ணாடியால இளைச்சிருக்கலாம்" என்றார்.

டாக்டர் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து மூடினார். நான் பார்த்தவரை அவர் கோபப்படவில்லை, களைத்துப்போனார்.

"கண்ணாடி போட்ட அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"நல்லாத் தெரியுதேன்னு சந்தோஷமா இருந்தேன். அது ஒரு விஷயம்னே தோணலை."

டாக்டர் தன் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். அவரும் நடுவில் ஒருமுறை பவர் மாற்றியவர்தான். "எனக்கும்தான் தோணலை" என்றார்.

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இன்னொண்ணு மேடம். மறுபடி வரையணும்னா நான் மட்டும் வரையக் கூடாது. எனக்கு இதுல ஆசை இருக்கு."

எந்த ஆசை என்று டாக்டர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "எல்லா ஃபைலுக்கும் புது எண் போடு. மூணு கூட்டத்தையும் கலைச்சுப் போடு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது. அவங்க பாதி, நான் பாதி. கொஞ்சத்தை ரெண்டு பேருமே போடுவோம்."

"உங்க முதுகு வலி மேடம்?" என்று கேட்டேன்.

"முதுகு வலிக்கும். அது ஆராய்ச்சியில வராது."

மாநாட்டில் டாக்டர் நோயாளிகளைப் பற்றி மட்டும், அதுவும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்ற குறிப்போடு பேசிவிட்டு வந்தார். அங்கே ஒருவர், உடன்பிறந்தவர்களைப் பற்றி ஏதோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேனே என்றாராம். "வச்சிருந்தேன், கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு சொன்னேன். அவருக்குப் புரியலை" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மூன்றாவது மேசையில் வந்து உட்கார்ந்தார்.

இப்படியாக எங்கள் அறையில் ஓரம் போடுகிறவர்கள் இருவர் ஆனார்கள். இரண்டு ஸ்கிரீன்களின் மேலேயும் அக்கா ஒரு சீட்டு ஒட்டினார்: கண்ணாடி போட்டாச்சா? டாக்டருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆரம்பத்தில் அக்காதான் வேகம். "மேடம், வாலை முடிக்காம டீ குடிக்கப் போகாதீங்க. திரும்பி வந்தா வேற கண்ணு வந்துரும்" என்பார். டாக்டர் நாற்காலியில் பாதி எழுந்தவர் மறுபடி உட்காருவார். முதுகுக்கு வைக்க அக்கா வீட்டிலிருந்து ஒரு தலையணை வந்தது. சில குதிரைகளில் இருவர் கோடும் ஒத்துப்போகாது. அப்போது இருவரும் என் ஸ்கிரீனுக்கு முன்னால் நின்று, சாம்பல் விளிம்பு யாருக்குச் சொந்தம் என்று வாதாடுவார்கள். பங்காளிச் சண்டை இங்கே வராது என்று அக்கா அன்று சொன்னது பலிக்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்த குடையை யாரோ எடுத்துப்போய் வேறொன்றை வைத்துவிட்டார்கள்.

புதிய கோடுகளை வைத்து நான் கணக்கை ஓட்டிய அன்று இருவரும் என் பின்னால் நின்றார்கள். நோயாளிகளின் நீலம் அப்படியே இருந்தது, முன்பைவிடத் தெளிவாக. அடுத்த படம் நிரம்பியது. உடன்பிறந்தவர்களின் வாலில் நீலம் இல்லை. நுனிக்குச் சற்று முன்னால் ஒரு இடத்தில் மட்டும் லேசான நீலச்சாயல், இருக்கிறது என்றும் சொல்லமுடியாமல் இல்லை என்றும் சொல்லமுடியாமல்.

"இல்லையா அப்ப?" என்றார் அக்கா.

"இல்லைன்னு சொல்லலை" என்றார் டாக்டர். "இருக்குன்னு காட்ட முடியலைன்னு சொல்றேன். இன்னும் நெறைய பேர் வேணும்." பிறகு அந்தச் சாயலையே பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு நான் நிம்மதியா ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனா எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்றார்.

அக்கா தலையசைத்தார். ரொம்ப நாளாகத் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி வைத்தது மாதிரியும் இருந்தது, அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாதது மாதிரியும் இருந்தது அவர் நின்ற விதம்.

"நெறைய பேர் வேணும்னா என்னையும் எடுத்துக்கங்க மேடம்."

டாக்டர் திரும்பினார்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க, உங்க படத்தை யாரு வரையறதுன்னு. இப்பதான் நீங்க இருக்கீங்களே."

"முடிவை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். விதி அப்படி."

"சொல்ல வேணாம். எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். கணக்குல சேத்துக்கங்க, போதும்."

ஸ்கேன் நாளில் அவர் கணவர் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். அண்ணியும் அண்ணனும்கூட வந்திருந்தார்கள். வளையல், தோடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அக்கா உள்ளே போனார். "என்னை அடையாளம் தெரியுதா?" என்று கணவர் கேட்டதற்கு, "கண்ணாடி இல்லாம பாத்தா சுமாரா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியபின் எந்திரத்தின் சத்தம் வெளியே கேட்டது. அண்ணன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இதே இடத்துக்குத் தான் முன்பு வந்ததை அவர் மறந்துவிட்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் அண்ணியிடம் இது எந்த ஆபீஸ் என்று கேட்டார். சத்தம் மாறிய ஒரு கட்டத்தில் கண்ணைத் திறந்து என்னிடம் சொன்னார்:

"பேரிங் போச்சும்மா. கிரீஸ் வைக்கச் சொல்லு."

அக்கா வெளியே வந்ததும் அதைச் சொன்னேன். அவர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் உள்ளயே கிடந்து கேட்டேன்ணே. நீ சொல்றது சரிதான்" என்றார். அண்ணன் திருப்தியாக முட்டியைத் தட்டிக்கொண்டார்.

புதிதாக வந்த ஃபைல்களோடு அவருடையதும் வந்தது. பெயரை எடுத்து, முகத்தை அழித்து, எண் போட்டு அனுப்பும் வேலையை அந்த முறை பக்கத்து அறையில் செய்யச் சொன்னார் டாக்டர். அதனால் எது யாருடையது என்று எனக்கும் தெரியாது. புதியவை எல்லாம் டாக்டர் மேசைக்கு மட்டும் போயின. அக்கா தன் மேசையில், அதுவரை வலப்பக்கம் மட்டுமே முடிந்திருந்த பழையவற்றுக்கு இடப்பக்கக் குதிரை வரைந்துகொண்டிருந்தார். அவருடைய ஸ்கிரீனும் டாக்டருடைய ஸ்கிரீனும் எதிரெதிர்த் திசையில் இருந்தன. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பார்த்துவிடலாம். அவர் திருப்பவில்லை.

டாக்டர் புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டார். வரைபலகையில் பேனா உரசும் சத்தம் கேட்டது.

"மேடம்" என்றார் அக்கா, தன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்?"

"கண்ணாடி போட்டாச்சா?"

உரசும் சத்தம் ஒரு கணம் நின்றது. "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார் டாக்டர். பேனா மறுபடி நகரத் தொடங்கியது.